சுவர்க்கோழியின் தாகமும் கடற்பாசிக் கட்டியும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: இரையாகப் போகும் பூச்சிக்குத் தண்ணீர் தருவது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பூச்சியின் கருத்து கேட்கப்படவில்லை.

1. சிக்கல்

அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் தாடி ஓணானையும் சிறுத்தைப் பல்லியையும் செல்லமாக வளர்க்கிறார்கள். அவற்றின் உணவு உயிருள்ள சுவர்க்கோழியும் டூபியா கரப்பானும். எனவே ஓணான் ஒன்று வளர்ப்பவர் பூச்சிப் பண்ணையும் வைத்திருப்பவர் ஆகிறார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் சுவர்க்கோழி விழுந்து மூழ்கும். அதன் மூச்சுத் துளைகள் உடலின் பக்கவாட்டில் இருப்பதால் தலையை மட்டும் தூக்கிப் பயனில்லை. செத்ததை ஓணான் பெரும்பாலும் சீந்தாது. ஆகவே பூச்சி அகால மரணம் அடையாமல், உரிய காலத்தில் மட்டும் மரணமடைய வழி காண வேண்டும்.

2. முன்னோர் கொள்கைகள்

காரட் துண்டு வைப்போர் ஒரு தரப்பு. அது காயும், அல்லது பூஞ்சை பிடிக்கும். ஈரப் பஞ்சு வைப்போர் இன்னொரு தரப்பு, அது நாறும். கடையில் விற்கும் நீர்மணிகளை வாங்குவோர் மூன்றாம் தரப்பு. அதில் தண்ணீர் உண்டு, சத்து இல்லை. எஞ்சியது வீட்டு ஜெல்லி.

3. ஜெலட்டினா, அகரா?

பூச்சிப் பெட்டியின் வெப்பம் 30 டிகிரியை எட்டும்; ஜெலட்டின் அங்கே இளகிவிடும். 1881இல் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்திலும் இதே தொல்லை. கிருமி வளர்த்த ஜெலட்டின் உருகியது. அங்கு பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறை ஜெல்லியில் சேர்த்த, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரைப் பரிந்துரைத்தார். அகர் உறைவது 40 டிகிரிக்குக் கீழே, மீண்டும் உருகுவதோ 85 டிகிரி அளவில். ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் கிடைக்கிறது. ஃபேனியின் பரிந்துரையால் மருத்துவம் பெற்ற பயனை வரலாறு எழுதிவிட்டது. சுவர்க்கோழி பெற்றதை எழுதவில்லை. அக்குறை இங்கே நீங்குகிறது.

4. செய்முறை

250 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அகர் தூளைக் கலந்து, கொதித்தபின் 2 நிமிடம் கிளறி இறக்கவும். சற்று ஆறியதும் மசித்த காரட் அல்லது பூசணி, ஒரு சிட்டிகை கால்சியத் தூள் சேர்க்கவும். தூள் அடியில் படியும். உறையத் தொடங்கும்வரை கை ஓயக் கூடாது. சர்க்கரை வேண்டாம். பசலைக்கீரையும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். துண்டுபோட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். உறைபெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் கட்டி தண்ணீரைக் கக்கிவிடும். பூச்சிகள் தின்று மீந்ததை மறுநாள் அகற்றவும்.

5. விவாதம்

சுவர்க்கோழியின் உடலில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அதையே தின்னும் ஓணானுக்கு எலும்பு வலுவிழக்கும். ஆகவே பூச்சியின் வயிற்றில் சத்தை ஏற்றி, ஓரிரு நாளில் ஓணானுக்குப் போடுகிறார்கள். பூச்சி இங்கே கால் முளைத்த மாத்திரை. திருக்குறள் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள்களை ஒதுக்கியுள்ளது. உபசரித்தவரையே மறுநாள் பரிமாறுவது குறித்து அவற்றில் வழிகாட்டல் இல்லை.

6. முடிவும் பரிந்துரையும்

சர்க்கரை இல்லை, சாயம் இல்லை, காய்கறி உண்டு, கால்சியம் உண்டு: வீட்டில் மிக ஒழுங்காகச் சாப்பிடுவது பூச்சிதான் என்று நிறுவப்படுகிறது. டப்பாமேல் பெயர் எழுதி ஒட்டுவது நல்லது. நள்ளிரவில் யாரேனும் இனிப்பென்று நினைத்து எடுத்துத் தின்றால் அவருக்குக் கேடொன்றும் இல்லை. காலையில் சுவர்க்கோழிகளுக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.