சும்மா ஜாலிக்குங்க!

2021 ஜனவரியில் சேலம் ஜில்லாவுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமல்ல. சிட்னி மைதானத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா மூன்றாவது டெஸ்ட். பவுண்டரி ஓரம் நின்ற சிராஜையும் பும்ராவையும் பார்த்து, கேலரியிலிருந்த சில கனவான்கள் நிறத்தைச் சொல்லியும் மிருகத்தைச் சொல்லியும் கூவினார்கள். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் அப்போது இந்திய அணியோடுதான் இருந்தார். அடுத்த டெஸ்டில் பிரிஸ்பேனில் இறங்கி, முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட் எடுத்தார். ஆக, அவமானம் நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. ஓமலூரிலிருந்து பரமத்தி வேலூர் வரை டீக்கடை பெஞ்சுகள் எல்லாம் ஐக்கிய நாடுகள் சபை ஆயின. "வெள்ளைக்காரன் புத்தி என்னைக்குங்க மாறியிருக்குது?" என்று கேட்காத பெரியவர் இல்லை. கருப்பு வெள்ளையில் சிராஜ் படத்தை ஸ்டேட்டஸாக வைக்காத பொடியன் இல்லை. ஊர் திரும்பிய நடராஜனைக் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி அழைத்துப் போனார்கள். தறி ஓட்டியவர் மகன், ரோட்டோரம் கோழிக்கடை போட்ட அம்மாவின் மகன். ரதம் அவருக்குத் தகும். இன்னும் இரண்டு குதிரை பூட்டியிருந்தாலும் தகும்.

நமக்கு அந்தக் கோபம் தகுமா என்பதுதான் என் சந்தேகம்.

சிட்னியில் நடந்ததை ஒரு முறை நிதானமாகப் பார்ப்போம். புகார் சொன்னது சிராஜ். அவரே நடுவரிடம் நடந்து போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது, கேலரியிலிருந்து ஆறு பேரை வெளியேற்றினார்கள். பிறகு கிரிக்கெட் ஆஸ்திரேலியா விசாரித்து ஒரு முடிவு சொன்னது: இனவெறிப் பேச்சு நடந்தது உண்மை, ஆனால் அதைப் பேசியது அந்த ஆறு பேர் இல்லை. பேசியது யார்? கண்டுபிடிக்க முடியவில்லை! பந்து மட்டையில் மயிரிழை உரசினால்கூடச் சொல்லிவிடும் மைக் ஸ்டம்புக்குள்ளே இருக்கிறது. மைதானத்தைச் சுற்றி எத்தனையோ கேமரா. கூவியவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டு காது. பவுண்டரி ஓரம் நின்ற சிராஜின் காதில் விழுந்தது. பக்கத்து சீட்டுக்காரனுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் ஆஸ்திரேலியன் அல்லன். நம்மூர்க்காரன்தான்.

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பக்கம் மின்னொளிப் போட்டிகள் தொடங்கிவிடும். கபடிதான் அதிகம், இப்போது ஐவர் கால்பந்தும் சேர்ந்துகொண்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். முதல் பரிசு போர்வெல் ரிக் வண்டி முதலாளி உபயம், இரண்டாம் பரிசு கோழிப்பண்ணைக்காரர் உபயம், கோப்பை ஒரு பைனான்ஸ்காரர் உபயம். ஒரு அணி, பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர் ஒருவரைக் கூட்டிவந்து இறக்கியது. பையன் கால் அருமையான கால். பந்து அவரிடம் போன முதல் தடவையே மைக்கில் வர்ணனை ஆரம்பித்துவிட்டது: "கரிமூட்டை எடுத்துட்டாப்ல... கரிமூட்டை ஓடுறாப்ல... லைட்டைப் போடுங்கப்பா, ஆளு தெரியலை!" கூட்டம் குலுங்கியது. மூன்றாவது தடவை பந்து அவரிடம் போனபோது வர்ணனைக்கு வேலையே இல்லை. வலதுபக்கக் கயிறு ஓரம் நின்ற இளைஞர் படை அந்தச் சத்தத்தை ஆரம்பித்தது. எழுத்தில் எழுத வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, நாலு வயது இருக்கும், அதே சத்தத்தைத் திருப்பிச் செய்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் காட்டி இன்னொரு முறை செய்யச் சொன்னார்.

கமிட்டிக்காரர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். மரியாதையான மனிதர். எழுந்து நின்று பதில் சொன்னார். "சும்மா ஜாலிக்குங்க. அந்தப் பையனே சிரிச்சுட்டுத்தானுங்களே இருக்கறான்?"

சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இரவு பதினொன்றரை. கடைசி பஸ் போய்விட்டது. ஹாஸ்டலுக்குப் பைக்கில் கொண்டுபோய் விட வேண்டியவர்கள் அந்தக் கயிறு ஓரத்தில் நின்றவர்கள். அவர் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்? கமிட்டிக்காரருக்கு அந்தச் சிரிப்பு ரசீது. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

கிளம்புகிற நேரத்துக்கு "நம்ம பிளாக் டைமண்டுக்கு ஒரு கைதட்டு!" என்றது மைக். கைதட்டினார்கள். கோல் போட்டால் வைரம், போடாவிட்டால் கரி. சேப்பாக்கத்தில் டுவைன் பிராவோ மஞ்சள் சட்டையோடு ஆடியபோது அவரைத் தலையில் வைத்து ஆடிய அதே ஜனம்தான் இது. மஞ்சள் சட்டைக்குள் இருக்கும்வரை ஆப்பிரிக்கனும் கரீபியனும் மாமன் மச்சான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், முதல் பரிசுக்குக் காசு கொடுத்த அந்த ரிக் தொழில். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போர் போட்டு முடித்து, கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கே போய் நிற்கிறது. அங்கே தண்ணீர் எடுத்துக் கொடுத்து வந்த காசில் இங்கே முதல் பரிசு. அந்தப் பரிசுக்கான ஆட்டத்தில் அந்த மண்ணின் பிள்ளைக்குக் குரங்குச் சத்தம். நன்றிக்கடன் தீர்க்கிற விதம் இது.

நாமக்கல் லாரி டிரைவர்களைக் கேளுங்கள், நிறம் என்றால் என்ன என்று சொல்வார்கள். டெல்லி தாண்டிய தாபாக்களில் ‘மதராசி’ என்றும் ‘காலியா’ (கருப்பன்) என்றும் கூப்பிடப்படாமல் ஒரு வண்டியும் வடக்கே போய்த் திரும்பியதில்லை. கட்டில் காலியாக இருந்தாலும் வெளியே உட்காரச் சொல்வார்கள், செக்போஸ்ட்டில் மொழி தெரியாது என்று இரட்டை மாமூல். அந்த அவமானத்தைச் சொல்லும்போது அவர்கள் குரல் இறங்கிவிடும். வண்டி ஊருக்குள் நுழைந்ததும் குரல் ஏறிவிடும். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற பீகார்ப் பையன் எதிரே வந்தால் "டேய் வடக்கா, பான்பராக்கு!" ஆயிரத்தைந்நூறு மைல் தூரம் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்த லோடு, சேதாரமில்லாமல் இங்கே இறங்குகிறது.

இப்படிக் கூப்பிடுவதும் ஜாலிதான். அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 2023 மார்ச்சில் ஜேடர்பாளையம் பக்கம் ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். கொடுமையான கொலை. வெல்ல ஆலையில் வேலை செய்த வடமாநிலச் சிறுவன் ஒருவனைப் போலீஸ் கைது செய்தது. வழக்கு, கோர்ட்டு என்று போக வேண்டிய விஷயம். அதற்குப் பிறகு ஆலைக் கொட்டகைகள் எரிய ஆரம்பித்தன. மே மாதம் ஒரு ராத்திரி, கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஒடிசாத் தொழிலாளர்கள் நால்வர் தீயில் சிக்கினார்கள். ஒருவர் பிழைக்கவில்லை. கொலைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பெயரே இல்லை. பல வருஷமாக பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் சினிமாக் கொட்டகையிலும் சிரித்துச் சிரித்து அவர்களுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டோம். அந்தச் சிரிப்பில் கலந்துகொண்ட ஒருவருக்கும் தீப்பெட்டியைப் பற்றித் தெரியாது. சிட்னி கேலரிக்குத் தெரியாத மாதிரியே.

"அதெல்லாம் வேறங்க, புட்பால்ல இதெல்லாம் சகஜம்" என்பார் ஒரு அர்ஜென்டினா ரசிகர். உலகக் கோப்பை வந்தால் ஃபிளெக்ஸ் பேனருக்கு வசூல் செய்பவர் அவர். 2024 ஜூலையில் கோபா அமெரிக்கா ஜெயித்துவிட்டு அர்ஜென்டினா வீரர்கள் பஸ்ஸில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பிரான்ஸ் அணிக்காரர்களின் அப்பா அம்மா எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கேலி செய்கிற பாட்டு. என்ஸோ பெர்னாண்டஸ் அதைத் தன் போனில் நேரலையாகவே ஒளிபரப்பினார். நாகரிகம் அவ்வளவு முற்றியிருந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த விவகாரத்தில் வேலை போனது யாருக்குத் தெரியுமா? மெஸ்ஸியும் கால்பந்துச் சங்கத் தலைவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்ன விளையாட்டுத் துறை துணைச் செயலாளருக்கு! பாடியவன் கிளப்புக்குப் போய் ஆட்டத்தைத் தொடர்ந்தான், தப்பு என்றவன் வீட்டுக்குப் போனான். நம்ம ரசிகரிடம் கேட்டால், "தலைவன் அந்த பஸ்லயே இல்லைங்க" என்கிறார். ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு மயாமி பஸ்ஸின் சீட் விவரம் தெரிந்து வைத்திருக்கிறார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை? அது அவருக்குக் கேட்கவில்லை.

சாதியை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பேசினால் இந்த ஊரில் அது பாதிப் பேச்சு. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்ற அன்று, ஹரித்வார் பக்கம் வந்தனா கட்டாரியா வீட்டு முன்னால் சிலர் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று ஏசியதாகக் குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. சில நாள் முன்னால்தான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆகியிருந்தார். நாம் அப்படிப்பட்ட காட்டுமிராண்டிகள் இல்லை. பட்டாசுக்கு வீண் செலவு செய்ய மாட்டோம். பனியன் கலரிலேயே காரியத்தை முடித்துவிடுவோம். எந்தக் கலர் யாருடையது என்று ஐந்தாங்கிளாஸ் பையன் ஒப்பிப்பான். கோல் விழுந்ததும் மைக்செட்காரர் எந்தப் பாட்டைப் போடுகிறார் என்பதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டே ஜெயித்த தெருவைச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடங்களில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024இல் அறிக்கை கொடுத்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டால் போகிறது, பனியன் இருக்கிறதே.

இதையெல்லாம் சொன்னால், உடனே ஒருவர் 1999 சேப்பாக்கத்தை எடுத்து மேஜைமேல் வைப்பார். இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் பாகிஸ்தான் பன்னிரண்டு ரன்னில் ஜெயித்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. உண்மை, அருமையான கைதட்டல். அந்த ஒரு டெபாசிட்டின் வட்டியில்தான் கால் நூற்றாண்டாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எதிரணிக்குக் கைதட்டுவது சுலபம், எல்லோரும் சேர்ந்து தட்டுகிறார்கள். தன் அணிக்காரன் வாயை அடைப்பதற்கு ஒருத்தன் தனியாக எழுந்து நிற்க வேண்டும்.

அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஊரில் ஒரு மூன்றாம் டிவிஷன் ஆட்டம். நம் மின்னொளிக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். வெளியூர் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் லெரோய் குவாட்வோவைப் பார்த்து உள்ளூர் ரசிகன் ஒருவன் அந்தச் சத்தத்தைப் போட்டான். பக்கத்திலிருந்த உள்ளூர் ரசிகர்களே அவனைக் கைகாட்டிக் கொடுத்தார்கள். போலீஸ் கொண்டுபோனது. அரங்கம் முழுக்க "நாஜிகளே, வெளியே!" என்று முழங்கியது. விசாரணைக் கமிஷன் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு ஆள்காட்டி விரல் போதுமாக இருந்தது.

சட்டம் வராமல் இல்லை. வலென்சியாவில் கால்பந்து வீரர் வினீசியஸை நிறத்தைச் சொல்லி ஏசிய மூன்று ரசிகர்களுக்கு 2024இல் எட்டு மாதம் சிறைத்தண்டனை கொடுத்தது ஸ்பெயின் கோர்ட்டு. ஆட்டக்காரர் இரண்டு மணிக்கட்டையும் குறுக்காக வைத்துக் காட்டினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று ஃபிஃபாவும் அதே வருஷம் சைகை வகுத்தது. நம்ம மின்னொளியில் ஒருவர் மணிக்கட்டைக் குறுக்கே வைத்தால், "விலங்கு மாட்டிட்டாங்கப்பா கரிமூட்டைக்கு!" என்று மைக் அதையும் வர்ணனை செய்யும். நடுவர், மைக் பிடிப்பவரின் பெரியப்பா மகன்.

ஆகவே கமிட்டிக்கு ஒரு யோசனை சொன்னேன். போட்டி நோட்டீஸில் அடியில் விதிமுறை போடுகிறீர்கள்: நடுவர் தீர்ப்பே இறுதியானது, மது அருந்திவிட்டு வருவோருக்கு அனுமதி இல்லை, உடைமைகளுக்குக் கமிட்டி பொறுப்பல்ல. அதோடு இன்னொரு வரி சேருங்கள். எந்த அணியின் ஆட்கள் நிறத்தையோ சாதியையோ ஊரையோ சொல்லிக் கூவினாலும் அந்த அணிக்கு ஒரு கோல் கழியும். மைக்கில் சொன்னால் மைக்கை அணைத்துவிட்டு வர்ணனையாளரை வீட்டுக்கு அனுப்புவோம். கூவியவனைக் கைகாட்டுகிறவருக்கு ஒரு தட்டு முட்டை, கோழிப்பண்ணைக்காரர் உபயம்.

மரியாதையான மனிதர், மறுபடியும் எழுந்து நின்றே பதில் சொன்னார். "நல்ல யோசனைதானுங்க. ஆனா அப்படிப் போட்டா கூட்டம் வராதுங்களே."

முதல் முறையாக அன்று அவர் பொய் சொல்லவில்லை.