எழுப்பிவிட ஓர் ஆள்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. 1689-இல் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அந்த ராணியின் பெயரை, இந்தப் பக்கத்து மக்கள் போர்களைவிடச் சாலைகளோடும் சத்திரங்களோடும்தான் சேர்த்துச் சொல்வார்கள். வழிப்போக்கனின் உறக்கத்தையும் அரசாங்கக் காரியமாக நினைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

நான் மதுரையில் தங்கத் தொடங்கியது சத்திரங்களின் காலம் முடிந்து லாட்ஜுகளின் காலம் நடந்துகொண்டிருந்தபோது. எண்பதுகளில் ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு மெட்ராஸில் இன்டர்வியூ என்றால், முதல் நாள் கடைசி பஸ்ஸில் மதுரைக்கு வந்து, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலோ டவுன்ஹால் ரோட்டிலோ ஒரு சிங்கிள் ரூம் எடுத்து, விடியலில் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். 1977 ஆகஸ்ட் 15-இல் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் ரயில், காலையில் கிளம்பிப் பகலிலேயே மெட்ராஸில் கொண்டுபோய் இறக்கிவிடுமே என்று எங்கள் தெருவில் பெரியவர்கள் அப்போதும் வியந்துகொண்டிருந்தார்கள்.

அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரும்புக் கட்டில், பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிய மெத்தை, சட்டை மாட்ட ஆணி, ஜன்னலோரம் மண் கூஜா. குளியலறை வராந்தாவின் கோடியில். பேன்ட்டை மடிப்புக் கலையாமல் நீவி மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு அதன் மேல் புரளாமல் படுப்போமே, நினைவிருக்கிறதா? காலையில் அது இஸ்திரி போட்டதுபோல விறைத்திருக்கும். அந்த விறைப்பே பாதி தைரியம் தரும். வெளியே தூங்காநகரம் தன் வழக்கப்படி விழித்துக்கொண்டிருக்கும்: கல்லில் கொத்துப் பரோட்டா தாளம், டீக்கடை ரேடியோ, தண்டவாளத்துப் பக்கமிருந்து எஞ்சினின் ஊதல். அத்தனையும் ஜன்னல் வழியாகக் காற்றோடு வந்து, உயரமான கூரைக்குக் கீழே தேய்ந்து அடங்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும்.

அந்தத் தூக்கத்துக்கு ஒரு காவலர் இருந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆனாலும் எல்லோரும் அவரை ரூம் பாய் என்றார்கள், நான் அண்ணே என்பேன். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் சிலேட்டில் அறை எண்ணையும் எழுப்ப வேண்டிய நேரத்தையும் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். “தம்பி, வைகைக்கா? நான் வந்து தட்டுறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க” என்பார். விடிவதற்கு முன்னால் விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டு. உள்ளிருந்து குரல் வரும்வரை நின்று கேட்பார். வராவிட்டால் இன்னும் இரண்டு. பக்கத்து அறைக்காரர் புரண்டுகூடப் படுக்காமல் என்னை மட்டும் எழுப்பத் தெரிந்த கை அது. திரும்பி வரும்போது ஒரு கையில் வெந்நீர் வாளி, மறு கையில் பிளாஸ்க் காபி. அவர் எப்போது தூங்கினார் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று அடிக்கடி தோன்றுகிறது.

சென்ற மாதம் ஓர் உறவினர் திருமணத்துக்காக மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு விடுதியில் இரவு தங்கினேன். செல்போனிலேயே பணம் கட்டி, ஓ.டி.பி. சொல்லி, ஆதார் காட்டி, நிமிடத்தில் அறைக்குள் போய்விடலாம். வெள்ளை விரிப்பு, கீசர், ஏ.சி., சுவரை அடைத்த டி.வி. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள்தான். தனியாக வரும் பெண் அறை கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்ட மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று என் மருமகள் அலுவலகப் பயணத்தில் யார் தயவும் இல்லாமல் அறை எடுக்கிறாள் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் அந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. காரணம் தெருவில் இல்லை, சுவரில் இருந்தது. பழைய லாட்ஜுகளில் செங்கல் சுவர் கனமாக நிற்கும். இங்கே ஒரு பெரிய கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். பக்கத்து அறையின் டி.வி. சீரியலில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரிந்தது. டைல்ஸ் பதித்த நடைபாதையில் ஒரு பெட்டியின் சக்கரம் உருண்டால் அந்தத் தளம் முழுவதும் உருண்டது. கதவுகள் தாமாக அறைந்து மூடிக்கொண்டன. ஏ.சி.க்காக ஜன்னலை நிரந்தரமாக அடைத்துவிட்டதால், உள்ளே பிறந்த சத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. விடியற்காலையில் நாலைந்து அறைகளில் செல்போன் அலாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து, அணைந்து, மறுபடி அடித்தன. ஒருவரை எழுப்ப ஒரு தளமே எழுந்தது.

கீழே கல்லாவில் இருந்த இளைஞரிடம் சொன்னேன். “சாரி சார், புல் ஹவுஸ். வேற ரூம் இல்ல சார்” என்றார். பாவம், அவரும் இரவெல்லாம் விழித்தவர். பில்லில் வரி சரியாக இருந்தது. ஆயிரம் ரூபாய் வரையிலான அறைக்கு 2022 ஜூலை வரை ஜி.எஸ்.டி. இல்லை, பிறகு 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பரில் அது 5 ஆயிற்று. அறை வாடகைக்கு எத்தனை வரி என்று நாடே கூடிப் பேசிவிட்டது. அந்த அறையில் மனிதர் தூங்க முடிகிறதா என்று கேட்க யாருமில்லை. ஒலி மாசு விதிகள் 2000-இலேயே வந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை வணிகப் பகுதியில் 55 டெசிபல்தான் வரம்பு. அந்த எண்ணைத் திருவிழா ஒலிபெருக்கி விஷயத்தில் மட்டும்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் உறக்கத்துக்குப் பூசை நடக்கும் ஊர் இது. ஒவ்வோர் இரவும் சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். தாலாட்டுப் பாடி, தீபம் காட்டி, கதவை அடைக்கிறார்கள். சாமிக்கே ஓய்வு வேண்டும் என்று நினைத்த ஊருக்கு, பஸ் மாறிப் பஸ் ஏறிவரும் மனிதரின் அலுப்பு புரியாமல் போகாது.

விடுதி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த டி.வி.யை வாங்குவதற்கு முன்னால் அறைகளுக்கு நடுவில் செங்கல் சுவர் எழுப்புங்கள். கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஜன்னலைத் திறக்கும்படி வையுங்கள். தங்க வரும் நாமும் பத்து மணிக்கு மேல் நடைபாதையில் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். அடுத்த அறையில் படுத்திருப்பவருக்குக் காலையில் இன்டர்வியூ இருக்கலாம்.