சுறாவின் வாயைக் கட்டிய அதிகாரி

தூத்துக்குடிக் கடலில் முதன்முதலாகப் பதவி வகித்த பாதுகாப்பு அதிகாரிக்கு ஹெல்மெட் கிடையாது, விசில் கிடையாது, கையில் செக்லிஸ்ட் கிடையாது. பதவியின் பெயர் கடல்கட்டி. முத்துக்குளிக்க இறங்குகிறவர்களைச் சுறா கடித்துவிடாமல் மந்திரம் போட்டு அதன் வாயைக் கட்டுவதுதான் வேலை. பரம்பரை உத்தியோகம். பரீட்சை, நேர்காணல், இடமாற்றம் எதுவும் இல்லை. சுறாவுக்கு இப்படியொரு அதிகாரி இருப்பது தெரியுமா என்று மட்டும் யாரும் விசாரித்ததில்லை.

அவருக்கும் முந்தைய ஏற்பாடு ஒன்று இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் சொல்லாமல் ஒரு கிரேக்கக் கடலோடி எழுதிவைத்த ‘எரித்திரையக் கடலின் பெரிப்ளஸ்’ என்ற வழிகாட்டி நூல், பாண்டியரின் கொற்கையைப் பற்றிப் பேசும்போது, அங்கே முத்துக்குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. ஆபத்தான வேலைக்கு ஆள் தேடும் எந்த நிர்வாகத்துக்கும் முதலில் உதிக்கிற யோசனைதான் இது: செத்தால் கேட்க நாதியில்லாதவனாகப் பார்த்து இறக்கு. நஷ்ட ஈடு இல்லை, விசாரணை இல்லை, குடும்பம் வாசலில் வந்து உட்காராது. பாண்டியர் போய்விட்டார்கள். யோசனை போகவில்லை. அதற்கு இப்போது காண்ட்ராக்ட் லேபர் என்று பெயர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மன்னார் கடலின் முத்துக்குளிப்பை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். வணிகர்கள் எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடும் பிராமணர்களுக்கு. அதாவது மொத்த வரவில் ஐந்து சதவீதம் தொழிலாளர் பாதுகாப்புக்கு! இன்றைக்கு எந்தக் கம்பெனியின் பட்ஜெட்டில் இப்படியொரு தொகையைக் காட்ட முடியும்? இதைவிட ருசியான சங்கதி, மந்திரத்துக்கு வேலை நேரம் இருந்ததுதான். பகலில் கட்டுவார்கள், இருட்டியதும் அவிழ்த்துவிடுவார்கள். ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தை அள்ளக் கூடாதல்லவா? ஆக, அதே சுறா பகலில் சாது, இரவில் வாட்ச்மேன். பாதுகாப்புத் துறையையும் காவல் துறையையும் ஒரே செலவில் நடத்திய நிர்வாக மூளைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1530-களில் இங்கே முத்துக்குளித்துவந்த பரதவர்கள் அவர்களிடம் பாதுகாப்புக் கேட்டுப்போய், கூடவே கத்தோலிக்கர்களாகவும் ஆனார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கரை ஆண்டுதோறும் 4000 பணம் தனியாகக் கட்டிவந்தது. எதற்கு? லிஸ்பனில் இருந்த கத்தரீனா ராணியம்மாளின் செருப்புச் செலவுக்கு. கதையல்ல, கணக்கிலேயே அப்படித்தான் பெயர். சிப்பி விளையும் கடலடிப் பாரில் வெறுங்காலோடு சிப்பி கீறி நிற்கிறவன் காசில், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு அம்மாளுக்குப் பாதுகாப்புக் காலணி. சவேரியார் கெட்டிக்காரர். அந்தப் பணத்தை இங்கே பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்களுக்குத் திருப்பிவிடக் கேட்டு ராணிக்கே எழுதினார். மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தக் கரையின் கிறிஸ்தவப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு கிடைக்காது என்ற தோரணையில். பணம் திரும்பியது. குளியாளியின் கால்தான் மறுபடியும் கணக்கில் வரவில்லை.

மதம் மாறியதே, கடல்கட்டி என்ன ஆனார்? ஒன்றும் ஆகவில்லை. பதவி தொடர்ந்தது. 1840-களின் பிற்பாதியில் இலங்கையில் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் அரிப்புக் கரையில் சலாபம் என்ற முத்துக்குளிப்பைப் பார்க்கப் போனபோது, அந்த வம்சத்தின் அன்றைய தலைவரே ரோமன் கத்தோலிக்கர். அவர் எந்த வேதத்தில் இருந்தால் சுறாவுக்கென்ன என்று எல்லாரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். அன்றைக்குத் தலைவருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் டெனன்டிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாராம்: எனக்கு அந்த ரகசிய மந்திரம் தெரியாது, ஆனால் பெரியவரின் பிரதிநிதியாக நான் வந்து நிற்கிறேன் அல்லவா, அதுவே போதும், சுறாக்கள் மரியாதை கொடுக்கும். அரசு அலுவலகத்தில் ‘இன்சார்ஜ்’ என்ற பதவி எப்படி இயங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1803-ல் ராபர்ட் பெர்சிவல் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரி வேறொரு குறிப்பு எழுதியிருக்கிறார். படகுகள் திரும்பும்வரை கரையில் நின்று மந்திரம் சொல்கிறவர் அன்னம் தண்ணீர் தொடக்கூடாது. தொட்டால் மந்திரம் பலிக்காது. ஆனால் நடுநடுவே கள் குடித்து, நிற்க முடியாமல் போவதும் உண்டு என்கிறார். பனங்காடு சூழ்ந்த கரையில் இந்தச் சோதனையைத் தாங்குவது கஷ்டந்தான். பத்துப் பாகம் ஆழத்தில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் உயிருக்குப் பொறுப்பானவர் மேலே மணலில் மல்லாந்திருக்கிறார்.

சரி, கடித்துவிட்டால்? விபத்து விசாரணை அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார் 1807-ல் வெளியிட்ட இலங்கைப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். ஒரு குளியாளியின் காலைச் சுறா கொண்டுபோய்விட்டது. தலைமை மந்திரவாதியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அவர் அசரவில்லை. மலையாளக் கரையில் கொல்லத்திலிருந்து ஒரு கிழட்டுச் சூனியக்காரி வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாள். தகவல் தாமதமாகத்தான் கிடைத்தது. இனிமேல் சுறா கண்ணில் பட்டாலும் இந்தப் பருவம் முடியும்வரை அதனால் வாயைத் திறக்க முடியாது என்றார். எல்லாம் இருக்கிறது பாருங்கள்: மூல காரணம், வெளியார் சதி, தகவல் தொடர்புக் குறைபாடு, திருத்த நடவடிக்கை, கால வரம்பு. கால் போனவனின் பெயர் மட்டும் இல்லை.

குளியாளிகள் இதையெல்லாம் நம்பி மட்டும் இறங்கவில்லை. அவர்கள் ஏற்பாடு வேறு. தோணி பாருக்கு மேலே நிற்கும். குளியாளி காலைக் கனமான கல்லின் வளையத்தில் நுழைப்பான். இடுப்பில் ஒரு கயிறு, சிப்பி அள்ளிப்போட ஒரு வலைப்பை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையசைத்தால், மேலே இருப்பவன் கல்லுக் கயிற்றைச் சரசரவென்று விடுவான். தரை தட்டியதும் கல் மேலேறிவிடும். கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். கைக்கு அகப்பட்டதை அள்ளிவிட்டு இடுப்புக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். அந்தச் சுண்டலைத் தவறவிட்டால் முடிந்தது. காதிலும் மூக்கிலும் ரத்தம் வருவதெல்லாம் சாதாரணம்; ரத்தம் வந்தவன் துடைத்துக்கொண்டு அடுத்த முறைக்கு நிற்பான்.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மச்சான் கையில் என்பார்கள் தூத்துக்குடியில். கூடப் பிறந்த தம்பி கையில்கூட அல்ல, பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில். அண்ணன் செத்தால் தம்பிக்குச் சொத்தில் பங்கு கூடலாம். மச்சானுக்கோ அக்காள் தாலியறுத்து வீட்டுக்கு வந்துவிடுவாள், பிள்ளைகளோடு, ஆயுசுக்கும். “நல்லாப் பிடிலே, உங்க அக்கா மூஞ்சியில முழிக்கணும் ரெண்டு பேரும்” என்று ஒரு வார்த்தை போதாதா? மேற்பார்வையாளரின் சொந்த நலனையும் தொழிலாளியின் உயிரையும் ஒரே கயிற்றில் முடிச்சுப்போட்ட இந்தத் திட்டத்துக்கு எந்த நிர்வாகவியல் பள்ளியும் இன்றுவரை மாற்றுக் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் கடல்கட்டி எதற்கு? வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவரை வைத்துக்கொண்டார்கள். அவர் இல்லாமல் குளியாளி இறங்கமாட்டான், அவ்வளவுதான். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கு என்பது தூத்துக்குடிக் கணக்கு. தோணி ஒருநாள் சும்மா நின்றால் யாருக்கு வயிறு எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடல்கட்டியின் வீட்டில் தண்ணீர் நிறைந்த பித்தளைப் பாத்திரத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள் இருக்குமென்றும், கடலில் கடி விழப்போகிறதென்றால் ஒரு மீன் மற்றதைக் கடிக்குமென்றும் ஒரு பேச்சு உண்டு. கடித்தால் அன்றைக்குத் தோணி இறங்காது. எனக்கு என்னவோ, வெள்ளி மீனுக்குப் பசியெடுத்த நாளெல்லாம் காற்றும் கலங்கலும் குளியாளிக்குப் பிடிக்காத நாளாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கலெக்டரிடம் போய் “இன்னைக்கு இறங்கமாட்டோம்” என்றால் அது கலகம். “கடல்கட்டி வேண்டாமுன்னுட்டாரு துரை” என்றால் அது ஐதீகம். கலகத்துக்குப் பிரம்படி உண்டு, ஐதீகத்துக்கு என்ன செய்ய?

1890-ல் தூத்துக்குடியில் இந்த ஐதீகத்தின் பூட்டு நன்றாகவே விழுந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். ஒருவனைச் சுறா கடித்தது, எல்லாரும் பயந்தார்கள். குளியாளிகளே ஒரு மந்திரக்காரியை அமர்த்திக்கொண்டார்கள், பயம் தணிந்தது. ஆனால் அம்மாளின் சக்தி அவ்வளவாகப் போதவில்லை. மேலும் சிலரைக் கடித்தது. நல்ல காற்று, தெளிந்த தண்ணீர், வேண்டிய தோணி, சிப்பிக்கு நல்ல விலை, எல்லாம் இருந்தும் சலாபத்தை மூடிவிட்டார்கள். லாபக் கணக்கு போட்டு வைத்திருந்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! மந்திரம் தோற்ற இடத்தில்தான் ஆட்கள் பிழைத்தார்கள். 1908 பிப்ரவரியில் இதே ஊரின் கோரல் மில் தொழிலாளிகள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நிற்க, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தியபோது வெள்ளி மீனெல்லாம் தேவைப்படவில்லை. வாயாலேயே சொல்லிவிட்டார்கள்.

கடைசிச் சலாபம் 1961. அதன்பின் பாரில் சிப்பி கூடவில்லை. 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. 1986-ல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரம், நலச் சட்டம் வந்தது. ஹெல்மெட் வந்தது, கிரேனுக்குச் சோதனைச் சான்று வந்தது. ஆண்டுதோறும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். வரிசையில் நின்று வலக்கையை நீட்டி உறுதிமொழி சொல்வார்கள். இந்த மந்திரத்துக்குச் சுறாவைக் கட்டும் சக்தி இல்லாவிட்டாலும், கையோடு ஸ்வீட் பாக்கெட் கொடுக்கும் சக்தி உண்டு.

அந்தச் சட்டம் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்காக வந்தது. துறைமுகத்துக்குக் கொஞ்சம் வடக்கே திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவனுக்கு அதில் இடம் இருக்கவில்லை. அவனிடம் இப்போது கல்லும் இல்லை. பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் அதே ரகக் கம்ப்ரசர் படகில் ஓடுகிறது. அதிலிருந்து ஒரு நீளக் குழாய் வாய்க்கு. காற்றோடு கொஞ்சம் எண்ணெய்ப் புகையும் இலவசம். பழைய குளியாளிக்கு மூச்சு முட்டியது. முட்டியதால் ஒரு நிமிடத்தில் மேலே வந்தான். அதுதான் அவனுடைய பாதுகாப்புக் கருவி என்று அவனுக்கே தெரியாது. இவனுக்கு மூச்சு முட்டுவதில்லை, மணிக்கணக்கில் கீழே கிடக்கலாம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடக்கூட நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துகொண்டே போகும். பொழுது சாய்கிறதென்று விறுவிறுவென மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு மூட்டாக வலி. குமிழி தண்டுவடத்தில் அடைத்தால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடும்.

இந்த மூட்டு வலிக்கு உலகத்துக் கம்ப்ரசர் குளியாளிகள் பலரும் தாமாகவே கண்டுபிடித்த கைவைத்தியம் ஒன்று உண்டு: திரும்பக் கீழே இறங்குவது. ஆழத்தில் அழுத்தம் ஏறியதும் குமிழி சுருங்கி வலி நிற்கும். மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். முறையான அழுத்த அறையில் வைத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டியதை, குளிர்ந்த கடலில் குத்துமதிப்பாகச் செய்தால் ஆளே முடிந்துபோகலாம். ஆனால் அழுத்த அறை எங்கே, அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? வேலையால் வந்த நோவுக்கு மருந்து அதே வேலை. கீழே போனவன் சும்மாவா இருப்பான், வரும்போது நாலு சங்கு எடுத்துக்கொண்டுதான் வருவான். படகுக்காரருக்கு இதைவிட உகந்த வைத்தியம் வாய்க்காது.