ரெட்டைக்குழல் மண்டோர்

ரஹாங் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வரிசை வீடுகள் வந்தன. எங்கும் போகாமல் நிற்பவர் ரெட்டைக்குழல் மண்டோர். இவர் தனி ஆள் இல்லை. லாபு, ரந்தாவ் பக்கம் விசாரித்தாலும் பழைய தோட்டத்துக்கு ஒருவர் தேறுவார்.

துப்பாக்கியின் கதையை 1948-இல் ஆரம்பிப்பார். அவசரகாலம், சுங்கை சிப்புட்டில் துரைமார்களைச் சுட்டுவிட்ட நேரம். "எங்க தொரை சீமைக்குப் போறப்ப எங்கப்பா கையில குடுத்தது இது." லைசன்ஸ் எப்படிப் பெயர் மாறியது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு துரையின் நாய்க்குத் தாவிவிடும். இருந்தாலும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் மேல் அவருக்கு அபார மரியாதை. லைசன்ஸ் புதுப்பிக்கப் போகும் நாளில் மட்டும் தீபாவளிச் சட்டை.

இனி துப்பாக்கி. முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடதுக்கு. வலது குழலில் ரவை விரிந்து பாயும், அது கிட்டத்துக்கு. இடது குழல் வாய் சற்றே ஒடுங்கியது; தூரத்துக்கு. ஆகவே உலகம் முழுக்க முன்விசையைத்தான் முதலில் இழுப்பார்கள். மண்டோர் இழுக்க மாட்டார். உள்ளே இடப்பக்கத்துக் கொக்கி தேய்ந்துவிட்டது. வலது வெடித்த அதிர்ச்சியிலேயே இடதும் சேர்ந்து வெடித்து, தோள்பட்டை ஒரு வாரத்துக்குத் தைலம் கேட்கும். அதனால் தூரத்துப் பன்றி முதலில், பக்கத்துப் பன்றி அப்புறம். பன்றிகள் இந்த வரிசைக்கு ஒத்துழைப்பதில்லை.

சுட்டபின் காலித்தோட்டா குழலை விட்டு வராது. இடுப்பில் எப்போதும் ஒரு கொய்யாக்குச்சி. துப்பாக்கியை மடித்து, குச்சியை முன்வாயில் விட்டுக் குத்தி, மாமியாரை வழியனுப்புவது போலப் பக்குவமாக அதை வெளியேற்றி முடிப்பதற்குள் பன்றி லிங்கி ஆற்றைக் கடந்திருக்கும்.

மூடினால் குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. கீல் முனையில் சிகரெட்டுத் தாளை மடித்துச் செருகியிருக்கிறார். பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னால், "கண்டவன் கை பட்டா சொணங்கிடும்" என்பார். ஒன்றை மட்டும் சிரிப்பில் விட முடியாது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ளே சமர்த்தாகப் போய் உட்காரும். ஆனால் வெடிக்கும்போது அதன் மடிப்பு விரிய இடம் போதாமல் அழுத்தம் எகிறிவிடும். மண்டோருக்கு இது தெரியும். தோட்டாவை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல எழுத்துக்கூட்டி வாசித்த பிறகே அறையில் போடுவார்.

போன பருவத்தில் செம்பனைக் கன்றுகளைத் தோண்டிய பன்றிக்குக் காவல் போனார்கள். கூட வந்த பையனிடம் புதுத் துப்பாக்கி. ஒரே வெடியில் சாய்த்துவிட்டான். மண்டோர் அப்போது கொய்யாக்குச்சியும் கையுமாக இருந்தார்.

கறி பங்கு போடும்போது ஒரு தொடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மாமா, சுட்டது நான்."

"சுட்டது நீதாண்டா. என் எடது கொழலு சத்தத்துக்கு மெரண்டுதான அது ஒன் பக்கம் வந்துச்சு? ஈரலையும் இப்படி வை."