கீரைக் கட்டின் சுற்றளவு

காய்கறிச் சந்தை நடத்த முதலில் காய்கறி வேண்டும் என்று நினைப்பவர்கள் கமிட்டி பார்க்காதவர்கள். முதலில் வேண்டியது ரப்பர் ஸ்டாம்ப். அப்புறம் லெட்டர் பேடு. அதற்கப்புறம் பதவிகள். காய்கறி என்ற சொல் நாலாவது கூட்டத்தில்தான் காதில் விழும், அதுவும் ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில், எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

மூலக்குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மனையில் நாங்கள் நடத்தும் சின்னச் சந்தையைத்தான் சொல்கிறேன். எங்கள் ஊர் வில்லியனூர் சாலையில் இருக்கிறது. கிழக்கே போனால் ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சிலை, நகராத வண்டிகள். மேற்கே அரும்பார்த்தபுரம் தாண்டினால் வில்லியனூர், அப்புறம் வயல். நடுவில் நாங்கள், அதாவது ஓய்வு பெற்றவர்கள். புதுச்சேரியில் ஓய்வு பெற்ற நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால் அது சங்கம். ஏழு பேர் குடித்தால் பதிவே செய்துவிடலாம், 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்துக்கு ஏழு பேர் போதும். இங்கிலீஷ்காரன் போட்ட சட்டம், பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இத்தனை கமிட்டிகளைப் பெற்றுப்போடும் என்று அவனே எதிர்பார்த்திருக்க மாட்டான்.

நாங்கள் ஏழோடு நிற்கவில்லை. தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், அமைப்புச் செயலாளர், பொருளாளர், தணிக்கையாளர், சட்ட ஆலோசகர், கௌரவ ஆலோசகர் என்று பதினொரு பேர். சந்தை தொடங்கிய அன்று வந்த விவசாயிகள் ஆறு பேர். ஆளுக்கொரு நிர்வாகி நின்று கவனித்தும் ஐந்து பேர் மிச்சம். இணைச் செயலாளர் நான். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மினிட் புத்தகத்தை என் தலையில் கட்டினார்கள்.

தொடக்க விழாவுக்குப் பேனர் அடித்தோம். எங்கள் ஊரில் காது குத்துக்கே பேனர் உண்டு, சந்தைக்கு இல்லாமலா? பதினொரு பேர் படமும் போட்டாக வேண்டும், துணைத் தலைவர்கள் மூவர் முகமும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். எல்லாம் முடிந்தபோது கீழே ஓரத்தில் உள்ளங்கை அளவு இடம் மீந்தது. அதில் ஒரு கத்திரிக்காய் போட்டார்கள். பார்த்தவர்கள் அதைக் கட்சிச் சின்னம் என்று நினைத்து, எந்தத் தொகுதி என்று விசாரித்தார்கள்.

விவசாயி நேரடியாக விற்பது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பஞ்சாபில் ‘அப்னி மண்டி’ 1987-லேயே வந்துவிட்டது. ஆந்திரத்தில் 1999 தொடக்கத்தில் ‘ரைத்து பஜார்’. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் கலைஞர் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார். கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, மூட்டையை ஏற்றிவர பஸ். காலையில் அதிகாரிகள் விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலைக்கு மேல், சில்லறை விலைக்குக் கீழ். பேரம் இல்லை, இடைத்தரகர் இல்லை. முக்கியமாக, எங்கள் மாதிரிக் கமிட்டி இல்லை. அங்கே அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. இங்கே சம்பளமும் இல்லை, ஆளும் இல்லை, நிர்வாகிகள் மட்டும் இருக்கிறோம்.

விலைப் பலகை மட்டும் நாங்களும் வைத்தோம். விலை விசாரிக்கும் பொறுப்பு சொல்தா ஐயாவுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பென்ஷன் யூரோவில் வாங்குபவர். விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மொத்த விலை கேட்டு வருவார். வங்கியில் வேலை பார்த்த பொருளாளர் அதன் மேல் இருபது சதவீதம் கூட்டிப் பலகையில் எழுதுவார். கத்திரிக்காய் கிலோ 38 ரூபாய் 40 காசு. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. நாற்பது காசை யார் எப்படிக் கொடுப்பது? வங்கிக்காரருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். “கணக்கு கணக்குதான் சார், காசு கெடைக்கலன்னா நான் இன்னா பண்றது?” என்றார். கூடப்பாக்கத்திலிருந்து காய் கொண்டுவரும் பெரியவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “முப்பத்தஞ்சுன்னு எழுதிடு சார். மீதிய பச்சமொளகாயில பாத்துக்கலாம்” என்றார். எங்கள் விலைக்கொள்கை இன்றுவரை அதுதான்.

கூடப்பாக்கம் என்றதும் பூ ஞாபகம் வருகிறது. கனகாம்பரம் கொண்டுவந்த ஒரு பெண்ணை உள்ளே விடலாமா, கூடாதா என்று ஒரு மாலை முழுக்க விவாதம். பூ விவசாயப் பொருளா என்று சட்ட ஆலோசகர் கேட்டார். கனகாம்பரத்தில் புது ரகங்கள் கொண்டுவந்ததற்காக 2012-இல் பத்மஸ்ரீ வாங்கிய வேங்கடபதி ரெட்டியாரின் ஊரிலிருந்து வந்திருக்கிறாள் அந்தப் பெண். அவளிடம் போய் பூ விவசாயமா என்று கேட்பது வில்லியனூர்த் தேர் அன்றைக்குத் தேருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதுதான். விவாதம் முடிவதற்குள் அவள் வாசலிலேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விட்டாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதினேன்.

ஆனால் எங்கள் கமிட்டியின் தலைசிறந்த விவாதம் கீரை பற்றியது. ஒரு வாடிக்கையாளர் புகார் எழுதிக் கொடுத்தார்: போன வாரம் அரைக்கீரைக் கட்டு பெரிதாக இருந்தது, இந்த வாரம் சிறுத்துவிட்டது. புகார் எழுத்தில் வந்துவிட்டால் கமிட்டி விடுமா? தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம், கட்டுக்கு என்ன முத்திரை என்று பொருளாளர் கேட்டார். எடை போட்டு விற்கலாம் என்றார் ஒருவர். தண்ணீர் தெளித்தால் எடை கூடும் என்றார் இன்னொருவர். சுற்றளவை வைத்து முடிவு செய்யலாம் என்றார் அமைப்புச் செயலாளர். அவர் மனைவி தையல் வேலை செய்பவர், டேப் இருந்தது. கட்டின் இடுப்பை அளப்பதா, தலையை அளப்பதா? முளைக்கீரைக்கும் மணத்தக்காளிக்கும் ஒரே அளவா? வாழைநாரை இறுக்கிக் கட்டினால் சுற்றளவு குறையுமே, அதற்கு என்ன கழிவு?

அப்போதுதான் ரோடியர் மில்லுக்காரர் எழுந்தார். ரோடியர் மில் என்றால் ஏ.எஃப்.டி., 1898-இல் தொடங்கி 2020-இல் மூடிய மில். அவர் யூனியனில் ஊறியவர். எட்டு மணி நேர வேலைக்குப் போராடி வாங்கிய ஊர் புதுச்சேரி. வேலை நேரத்துக்கு வரம்பு கட்டிய முன்னோர்கள் கூட்ட நேரத்துக்கும் ஒன்று கட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று அவர் பேச எழும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். “பாயிண்ட் ஆஃப் ஆர்டர். சம்பந்தப்பட்ட தொழிலாளியைக் கூப்புடாம தொழிலாளியப் பத்திப் பேசறது ஜனநாயகம் இல்ல” என்று சொல்லிவிட்டு வெளிநடப்பு செய்தார். டீ வந்ததும் திரும்பி வந்தார்.

கீரைக்கார அக்காவைக் கூப்பிட்டோம். டேப்பைக் காட்டினோம். அவர் டேப்பைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

“இன்னா சார் இது? எங் கையில எவ்ளோ புடிக்குதோ அதான் கட்டு. போன வாரம் எம் மருமவ வந்தா, அவ கை பெருசு.”

தீர்மானம் எண் 14: கீரைக் கட்டுக்கு அக்காவின் கையே அளவு. மருமகள் வரும் வாரங்களில் மருமகளின் கை. ஒருமனதாக நிறைவேறியது. நான் எழுதிய தீர்மானங்களில் நடைமுறைக்கு வந்தது அது ஒன்றுதான்.

எங்கள் சந்தைக்கு வருபவர்கள் நிஜ விவசாயிகளா, மருந்து அடிக்காதவர்களா என்று பார்க்கவும் ஒரு துணைக் கமிட்டி உண்டு. பங்கேற்பு உத்தரவாதம் என்று ஓர் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். விவசாயியின் வயலை விவசாயி பார்த்தால் எதுவும் மறையாது, அதனால் நல்ல ஏற்பாடுதான். நாங்கள் அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம், விவசாயிகளுக்குப் பதில் நாங்கள் போனோம். பாகூர் பக்கம் கிச்சிலிச் சம்பா போட்டிருந்த ஒருவரின் வயல். வரப்பில் நடக்கத் தெரியாமல் தணிக்கையாளர் சேற்றில் இறங்கினார். “யூரியா போடறியாப்பா?” என்று தலைவர் கேட்டார். “வெயில் ஏறுது சார், வாங்க, சாப்புட்டுப் பேசலாம்” என்றார் அவர். கருவாட்டுக் குழம்பு. ஆய்வறிக்கையில் ‘அனைத்தும் திருப்திகரம்’ என்று எழுதியிருக்கிறது. எது என்று எழுதவில்லை.

இவ்வளவும் ஏன் இப்படி நடக்கிறது என்று யோசித்திருக்கிறேன். சம்பளத்துக்கு வைத்த ஆள் சரியில்லை என்றால் வேறு ஆள் வைக்கலாம். தானாக வந்தவரை என்ன சொல்வது? அவருக்குக் கொடுக்கக் கையில் இருப்பது மரியாதை ஒன்றுதான், அதைப் பதவியாக அச்சடித்துக் கொடுக்கிறோம். பதவி கொடுத்தால் கருத்து வரும். கருத்து வந்தால் கூட்டம். கூட்டம் நடந்தால் தார்ப்பாய் கட்ட ஆள் இருக்காது. சொல்தா ஐயா ஒருமுறை சொன்னார்: “பிரான்ஸ்ல துலோன் மார்க்கெட்ல பிளாசியேன்னு ஒருத்தன் இருப்பான். முனிசிபாலிட்டி ஆளு. எடம் காட்டுவான், காசு வாங்குவான், போய்க்கினே இருப்பான். அவ்ளோதான் நிர்வாகம்.” “அப்போ நாம எதுக்கு?” என்று செயலாளர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அதை நான் மினிட் புத்தகத்தில் ஏற்றவில்லை.

இப்படிப்பட்ட கமிட்டி ஒருமுறை வேலை செய்தது. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையேறிய இரவில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்தால் சந்தை நாள், மனை முழுக்கத் தண்ணீர். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிப் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தது. எங்கள் விவசாயிகள் சிலருக்கு வயல் எது, வாய்க்கால் எது என்றே தெரியவில்லை. யாரும் கூட்டம் கூட்டவில்லை. கோரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பொருளாளர் பெட்டியைத் திறந்தார், ரோடியர் மில்லுக்காரர் ஒரு டாட்டா ஏஸ் பிடித்தார், சொல்தா ஐயா தன் வீட்டுப் போர்வைகளை எல்லாம் ஏற்றினார். அரிசி, பால் பவுடர், பாய், மெழுகுவத்தி போய்ச் சேர்ந்தன. துணைத் தலைவர்கள் மூவரும் மூட்டை தூக்கினார்கள், படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு முதல் கூட்டம். தீர்மானம் இல்லாமல் பணம் செலவாகியிருக்கிறது என்று ஆட்சேபம் எழுந்தது. எழுப்பியவர் பொருளாளர், செலவழித்தவரும் அவரே. பின்னேற்பு கொடுத்து விஷயத்தை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி. தொடக்கத்திலிருந்து ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குத் தார்ப்பாய் கட்டியது அவர்தான். யாரும் கேட்கவில்லை, அவராக வந்தார். கமிட்டியில் சேர்க்க வேண்டும் என்று ஒருவழியாக எங்களுக்குத் தோன்றி, நாலாவது துணைத் தலைவர் பதவியோடு போய் நின்றோம். “பதவி வேணாம் சார். ஸ்டூல் ஒண்ணு வாங்கிக் குடுங்க, மேல கட்டறதுக்கு எட்ட மாட்டேங்குது” என்றார். ஸ்டூலுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டோம். மரமா, பிளாஸ்டிக்கா என்று இரண்டு கூட்டம் போயிற்று. ஒப்புதல் வருவதற்குள் அவருக்கு விடியற்காலையில் ரயில்வே ஸ்டேஷன் சவாரி நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது.

ஆகவே மூலக்குளம், அரும்பார்த்தபுரம், ரெட்டியார்பாளையம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சந்தை உண்டு. பை எடுத்து வாருங்கள், சில்லறை எடுத்து வாருங்கள், கீரைக்கார அக்காவிடம் அளவு பற்றிப் பேசாதீர்கள். தார்ப்பாய் கட்ட ஓர் ஆள் தேவை. ஐந்து மணிக்கு வர வேண்டும். சம்பளம் கிடையாது, பதவியும் கிடையாது. ஸ்டூல் வாங்கிவிட்டோம்.