மரம் நல்லாயிருக்கு

பிள்ளையை ஆர்க்கிடெக்சரில் சேர்த்துவிட்ட பெற்றோர் முதல் செமஸ்டரிலேயே குழம்பிப்போவார்கள். சிமென்ட், கம்பி என்று பேசுவான் என்று பார்த்தால், பையன் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு அட்டை வெட்டிக்கொண்டிருப்பான். என் அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, இதுக்கா அலைஞ்சு திரிஞ்சு சீட்டு வாங்கினோம்? இதைத்தான் யுகேஜியிலயே பண்ணிட்டியே."

யுகேஜியில் ஸ்கேல் கிடையாது. கட்டட மாடலில் எல்லாத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். 1:100 என்றால் ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கவேண்டும். நம்மூர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 2.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். கடையில் கிடைப்பதோ 3 மில்லிமீட்டரும் 5 மில்லிமீட்டரும். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை வாங்கிவந்து 1:200இல் வீடு செய்தால், சுவர் ஒரு மீட்டர் கனம் வரும். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் சிறு குடும்பத்துக்கு இரண்டு படுக்கையறை கொண்ட வேலூர்க் கோட்டை கட்டியது இப்படித்தான்.

மாடிப்படி தனிக் கொடுமை. படி ஒன்றின் உயரம் ஆறு அங்குலம் என்றால், 1:100 மாடலில் ஒன்றரை மில்லிமீட்டர். மவுண்ட் போர்டு கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். அதைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டவேண்டும். ஒரு மாடிக்கு இருபது பட்டை. பதினேழாவதை ஒட்டும்போதுதான் ஒன்பதாவது சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். மின்விசிறியை எந்தப் புண்ணியவானாவது போட்டுவிட்டால் மிச்சப் படிகள் தாமாகவே எழுந்து போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு மாஸ்டர் இருந்தார். தச்சர் குடும்பம், தேக்கில் கைவைத்து வளர்ந்தவர். எங்கள் ஃபோம் போர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். அவர் சொன்ன உபதேசம் ஒன்றே ஒன்று: "தம்பி, பிளேடை ஒடி. இல்லேன்னா அது உன்னை ஒடிக்கும்." மழுங்கிய பிளேடு அட்டைமேல் வழுக்கி நேராக விரலுக்கு வரும். நுனி மழுங்கினால் ஒரு கண்ணியை ஒடித்துப்போட்டுப் புது முனையோடு வெட்டலாம் என்பதற்காகத்தான் 1956இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா அந்தக் கட்டரை உருவாக்கினார். கோடு போட்ட சாக்லேட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனையாம். நம் பிள்ளைகளிடம் அந்த யோசனை பலிக்கவில்லை. முழு பிளேடு இருக்கும்போது யாராவது ஒடிப்பார்களா? காசு கொடுத்து வாங்கியதல்லவா! கடைசிக் கண்ணிவரை மழுங்க மழுங்கத் தேய்த்து, பாண்ட் எய்டுக்கு அதைவிட அதிகம் செலவழித்தோம்.

வெட்டுவதைவிட ஒட்டுவதில்தான் ஆளின் குணம் தெரியும். பெவிகால்காரன் பொறுமைசாலி, ஒட்டிவிட்டு, பிடித்துக்கொண்டே பாடம் படிப்பான். பெவிக்விக்காரனுக்கு எல்லாம் உடனே நடக்கவேண்டும். பக்கத்து மேசைக் காரைக்குடிக்காரன் இரண்டாம் ரகம். தெர்மாக்கோலில் முற்றம், திண்ணை, வளவு என்று ஒரு செட்டிநாட்டு வீட்டையே செதுக்கி முடித்துவிட்டு, கூரையை நிறுத்த பெவிக்விக்கைத் தாராளமாக ஊற்றினான். தெர்மாக்கோலை அது தின்றுவிடும் என்பதைப் பயலுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கூரை உட்கார்ந்தது. பிறகு சுவரும் உட்கார்ந்தது. பிறகு திண்ணை. மாடலைப் பார்த்து மதிப்பிடும் ஜூரியில் அசராமல், "கண்டெம்பரரி ருயின்" என்றான். மார்க்கும் போட்டார்கள்.

அதே பெவிக்விக் விரல்நுனியில் காய்ந்தால் ரேகை மறைந்துபோகும். கல்லூரியிலோ வருகைப்பதிவுக்கு ரேகை பார்க்கும் இயந்திரம். ராத்திரி முழுக்கக் கண்விழித்து மாடல் செய்து, காலையில் முதல் ஆளாக வந்து விரலை வைத்தவனை அது யாரென்றே தெரியாது என்றது. மாடலே செய்யாமல் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தவனை மட்டும் பெயர் சொல்லி வரவேற்றது. 75 சதவீத வருகை இல்லை என்று டிபார்ட்மென்டில் கூப்பிட்டுக் கேட்டால், தோலுரிந்த பத்து விரலையும் விரித்துக் காட்டுவதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இதெல்லாம் கட்டடத்துக்கு. மரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி சப்மிஷனுக்கு முந்தின ராத்திரிதான் வரும். (மாமல்லபுரத்துப் பஞ்ச ரதங்கள் மேலே மெருகேறி, கீழே சொரசொரவென்று முடியாமல் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், பல்லவர் காலத்திலும் சப்மிஷன் தேதியைத் தள்ளிப்போட மறுத்த யாரோ இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.) பழைய மின்கம்பியின் மேலுறையை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் இருக்கும். கீழ்ப்பாதியை முறுக்கினால் அடிமரம்; மேல்பாதியைப் பிரித்து விரித்தால் கிளைகள். அதைப் பெவிகாலில் முக்கி, பச்சைப் போஸ்டர் கலரில் ஊறவைத்துக் காயவைத்த மரத்தூளில் புரட்டினால் வேப்பமரம். தூள் மாஸ்டரின் ரம்பத்தடியில் இலவசம். அவசரக்காரர்கள் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரைப் பிய்த்து ஒட்டுவார்கள். அது எந்த மரம் என்று கேட்டால் "நேட்டிவ் ஸ்பீசிஸ்".

விடிந்ததும் ஜூரி. வெளியிலிருந்து வந்திருக்கும் பெரிய ஆர்க்கிடெக்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிவார். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கொண்டுவந்த காற்றோட்டம், வெளிச்சம், முற்றம், இருபது படி எல்லாம் அங்கே இருக்கும். நிமிர்ந்து சொல்வார்: "மரம் நல்லாயிருக்கு."

இது புதிய வியாதி இல்லை. இத்தாலிக்காரர் ஆல்பர்ட்டி 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்: வர்ணம் தீட்டிச் சிங்காரித்த மாடலைக் கொண்டுவருகிறவன், உன் கண்ணை வடிவமைப்பிலிருந்து வேறு பக்கம் இழுக்கப் பார்க்கிறான், வெறுமையான, எளிய மாடலே போதும் என்று. இதை எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் நடத்தினார்கள். நடத்திய அதே பேராசிரியர்தான் மறுவாரம், "என்னப்பா, மாடல் மொட்டையா இருக்கு?" என்றார்.

மரம் வைக்காதவர்களின் கதி என்ன? லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்காக கிறிஸ்டோபர் ரென் 1673-74இல் ஒரு மாடல் செய்வித்தார். 6 மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவு பெரிது. பாதிரிமார் வந்து பார்த்து, தேவாலயம் இப்படியா இருக்கும் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். இனி மாடலே செய்வதில்லை, விஷயம் தெரியாதவர்கள் தீர்ப்புச் சொல்ல இடம் கொடுப்பதில்லை என்று மனிதர் முடிவெடுத்தாராம். அவருடைய குடும்பத்தார் பிற்பாடு வெளியிட்ட நூலில் இருக்கிறது. மாடல் இன்றும் அந்தத் தேவாலயத்திலேயே பத்திரமாக நிற்கிறது. ஓக் மரத்தில் செய்தாரே தவிர, பக்கத்தில் ஒரு மரம் வைத்தாரில்லை. இரண்டாம் ஆண்டு மாணவன் எவனிடமாவது கேட்டிருக்கலாம்.

நாங்கள் பாடம் கற்றுக்கொண்டோம். ஜூரி முடிந்ததும் கட்டடம் குப்பைமேட்டுக்குப் போகும். மரங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஷூ டப்பாவில் போட்டு வைப்போம். அடுத்த செமஸ்டரில் அவை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும், அதற்கடுத்து பஸ் நிலையத்தில். சீனியர் போகும்போது டப்பாவை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அடிமரத்தில் சிவப்பு உறை கொஞ்சம் உரியாமல் விட்டுப்போன ஒரு வேப்பமரம் எங்கள் சீனியர்களுக்கும் சீனியர் செய்தது. கல்லூரியில் அதற்கு இருந்த மதிப்பெண் வேறு எவருக்கும் இல்லை.

படித்து முடித்து ஆபீஸ் போட்ட பிறகு, மளிகை மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் வீடு கட்ட வந்தார். மேற்கு வெயில் உள்ளே வராத திட்டம் எனக்கே பிடித்துப்போய், ஒழுங்காக ஒரு மாடல் செய்து மேசைமேல் வைத்தேன். சுற்றிச் சுற்றி வந்தார். கூரையைக் கழற்றிக் காட்டினேன். எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் சுட்டுவிரலை நீட்டினார்.

"தம்பி, அது என்ன மரம்?"

"வேம்பு, அண்ணாச்சி."

"ஈசான மூலையில மரம் வைக்கப்பிடாதுல்லா?"

நான் அதைப் பிடுங்கினேன். பெவிகாலோடு கொஞ்சம் புல்தரையும் வந்தது. கன்னி மூலையில் குத்தி நிறுத்தி, மாடலை அவர் பக்கம் திருப்பினேன்.

"இப்பம் சரியா இருக்கு" என்று சொல்லி, அட்வான்ஸ் செக்கில் தேதி போட ஆரம்பித்தார்.