வட்ட ஊருக்கு நேர் வழி

மருமவனே, டெல்லியில உனக்கு சர்க்கார் வேலையாம்ல. உங்க அம்மை நேத்து கடலைமிட்டாய் கொண்டாந்து குடுத்தா, முந்தானையால கண்ணையும் தொடச்சுக்கிட்டா. நான் அழல. நான் அந்த ஊரைப் பாத்தவன்லா.

2018 கார்த்திகையில விவசாயிகளோட சேந்து போனேன். கோவில்பட்டியில திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினோம். குறள்னா ரெண்டே வரிதானன்னு தெம்பா ஏறிட்டேன். ரெண்டு ராத்திரி கழிஞ்சும் எறங்க விடல. கட்டிக்கொண்டு போன புளிச்சோறு நாக்பூர் வாறதுக்குள்ள தீந்துபோச்சு. அதுக்கு மேல ரொட்டிதான். அந்தப் பெட்டியில சோறு கேட்டு அழுதது பச்சப்பிள்ளைக மட்டும்னு நெனைக்காத.

ராம்லீலா மைதானம்னு ஒரு பொட்டல். நவம்பர் 29ல அங்கன கூடி, மறுநாள் பார்லிமெண்ட் தெருவுக்கு நடந்தோம். கடனத் தள்ளுபடி பண்ணு, வெளைச்சலுக்குக் கட்டுபடியாகுற வெலை குடுன்னு கோஷம். எனக்குப் பக்கத்துல ஒரு பஞ்சாப்காரர். அவர் பாஷையில அவர் கத்துதாரு, என் பாஷையில நான் கத்துதேன். ரெண்டு பேரும் பேங்கைத்தான் வைதோம்னு நெனைக்கேன்.

ஊர்வலம் முடிஞ்சு, ஒதுங்கப் போன எடத்துல கூட்டத்தத் தவறவிட்டேன். சுத்திமுத்திப் பாத்தா கன்னாட் பிளேஸ். வெள்ளைத் தூணு, கடை, மறுபடி வெள்ளைத் தூணு, கடை. செக்குமாடு கணக்கா நடக்கேன், அதே செருப்புக்கடை மூணாந்தடவையும் எதுக்க வருது. ஒருத்தன்கிட்ட வழி கேட்டா "சீதா, சீதா"ங்கான். அடுத்தவனும் "சீதா"ங்கான். நான் ராம்லீலாவுல இருந்து வாறது இவனுகளுக்கு எப்படித் தெரிஞ்சுன்னு எனக்கு ஒரே யோசனை. கரோல்பாக்ல குடியிருக்க நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் வந்துதான் வெளக்கம் சொன்னாரு. சீதான்னா நேராப் போன்னு அர்த்தமாம். ஊரை வட்டமாக் கட்டி வச்சுக்கிட்டு, வந்தவனை நேராப் போங்கான்!

அவர்தான் பக்கத்துல ஒரு கிணத்தைக் காட்டுனாரு. அக்ரசேன் பாவ்லின்னு பேரு. கிணறுன்னா சம்சாரி கால் நிக்குமா? நூத்துச் சொச்சம் படி. ரெண்டு பக்கமும் மாடம் மாடமா வளைவு வச்சு, கல்லு கல்லா அடுக்கிருக்கான். எறங்க எறங்க ரோட்டுச் சத்தம் அடங்குது, சில்லுனு வருது, மேல புறா படபடங்குது. கடைசியில குனிஞ்சு பாத்தேன், தண்ணியக் காணோம். ஆனா படி பூராம் இளவட்டங்க, செல்போனைத் தூக்கித் தூக்கிப் படம் எடுக்குதுக. நம்ம வடக்குக் கிணறும்தான் ஆறு வருசமா வத்திக் கெடக்கு. எவனாவது ஒரு படம் எடுத்தானா?

குதுப்மினார்கிட்ட ஒரு இரும்புத் தூணு நிக்கி. 1,600 வருசமாத் துருப்பிடிச்சு அழியலயாம். இரும்புல பாஸ்பரஸ் கூட இருக்கதால மேல ஏடு மாதிரிப் படிஞ்சு காப்பாத்துதாம். நாம டிஏபி மூட்டையில காசு குடுத்து வாங்குதோமே, அதே பாஸ்பரஸ். ஊருக்கு வந்த கையோட மம்பட்டிய உரமூட்டைக்குள்ள சொருகி வச்சேன். எட்டே நாள்ல அரிச்சுப்போச்சு, உங்க அத்தைக்குத் தெரியாது. அந்தத் தூணுக்கு முதுகைக் குடுத்து ரெண்டு கையாலயும் பின்பக்கமாக் கட்டிப்பிடிச்சா நெனச்சது பலிக்கும்னு முன்ன சனம் மொய்க்குமாம். 1997ல வேலி போட்டுட்டாக. நாங்க மனுவத் தூக்கிட்டுப் போனது 21 வருசம் பிந்திட்டு.

சரி, உனக்கு ரெண்டு வார்த்தை. சம்பளம் வருதுன்னு அங்கன எடம் கிடம் வாங்கிராத. டெல்லியில புதுசா ஊரு கட்டினவனுக்கு அது ஒட்டுனதில்ல. செங்கோட்டையக் கட்டின ஷாஜகான் கடைசிக் காலத்துல ஆக்ரா கோட்டையில பெத்த மகன்கிட்ட சிறையிருந்தான். வெள்ளைக்காரன் 1911ல தலைநகரம்னு அறிவிச்சு, பாத்துப் பாத்துக் கட்டி, 1931ல புதுடெல்லியத் தொறந்தான். 16 வருசத்துல பொட்டியக் கட்டிட்டான். நீ வாடகைக்கே இரு. அதுலயும் மொட்டை மாடி ரூம்பு வேண்டாம், மே மாசம் வெந்துபோவ.

மேசைக்குப் பின்னால போய் உக்காந்த பெறகு, வேட்டி கட்டின கெழவன் எவனாவது மனுவோட வந்தா, இருந்த எடத்துல இருந்து கைய நீட்டி "சீதா"ன்னு சொல்லிராதய்யா. எந்திரிச்சு வாசல் வரைக்குமாவது வந்து காட்டு.

அப்புறம், என் கம்பளி டிரங்குப் பெட்டியில இருக்கு, எடுத்துக்கோ. பாச்சா உருண்டை நாத்தம் அடிக்கும், இங்கனயே ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டுக் கொண்டுபோ. மார்கழிப் பனியில அங்கன சூரியன் கண்ணு முழிக்கவே பத்து, பதினோரு மணி ஆயிரும்.